ஓடும் வண்டியும் மூலப் பிரதியும்

1

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. நண்பர் வீட்டுக் கொல்லைப்புறம் அந்தச் சந்தில்தான் திறக்கிறது. தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. நிற்கிறது என்று எழுதுவது பழக்கதோஷம். பெரும்பாலும் அது அங்கே இருப்பதில்லை. காலையில் மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, திருச்சி ஊருக்குள் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வரும். நண்பரின் அப்பா 1974இல் இரண்டாம் கையாக வாங்கியது. அவர் இப்போது இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு முன் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர். நல்ல விலை சொன்னார். சொல்லுவதற்கு முன் ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பட்டியல் முடிந்தபோது முப்பத்தேழு அயிட்டம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்திருக்கிறது. இண்டிகேட்டர் சுவிட்ச் ஆட்டோவுடையது. தரைத் தகடு புதுசு, வெல்டிங் தெரிகிறது. தண்ணீர் பம்ப் ஷாஃப்ட் லேத்தில் கடைந்தது. 'ஒரிஜினல் இல்லை சார். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து பண்ணணும். ரெண்டு வருஷம் ஆகும். ஆனா பண்ணிட்டா இது மியூசியம் பீஸ்.'

நண்பர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: 'நீ தமிழ் படிச்சவன். ஒரிஜினல்ங்கிறதுக்கு என்ன அர்த்தம் சொல்லு.'

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி விளையாட்டில்லை. அந்த முப்பத்தேழு அயிட்டமும் யாரோ ஒருவருடைய ராத்திரிகள். அவற்றைப் 'பிடுங்கிப் போடுவது' என்றால் எதைப் பிடுங்குகிறோம், யாரைப் போடுகிறோம் என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

2

முதலில் வண்டியின் சரித்திரம். 1948இல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவை ஏற்படுத்தின. தொழிற்சாலை சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்ட் என்று மூன்றே வண்டிகள் இருந்த லைசென்ஸ் காலம் அது. 1961இல் சென்னையிலிருந்து ஹெரால்ட் வெளிவரத் தொடங்கியது.

இங்கிலாந்தில் இதே வண்டி 1959இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்திருந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதே மிக்கலோட்டியின் கையால் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. அந்த ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் தயாராகவில்லை. ஆனால் அதன் எலும்பு இங்கே ஓடியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. சக்கரங்கள் தனித்தனியாக அசையும் பின்பக்க சஸ்பென்ஷன், இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற ஸ்டியரிங். ஸ்ரீரங்கத்துச் சந்துகளுக்கு இந்தத் திரும்பல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் கூடும் சட்டமும் ஒன்றாக வார்த்த ஒரே பெட்டியாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்ட் மட்டும் பழைய முறையில் தனிச் சட்டத்தின்மேல், துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டிய கூடாக வந்தது. காரணம் அழகியல் அல்ல. ஸ்டாண்டர்டுக்குக் கூடு செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி 1953இல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. இன்னொரு வசதியும் இருந்தது. துண்டுகளாக இருந்தால் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றி, தொலைதூர நாடுகளில் பூட்டிக்கொள்ளலாம். அதாவது இது பழைய சாம்ராஜ்யத்தின் சந்தைகளை மனதில் வைத்துச் செய்த வண்டி. மையத்தில் யோசிப்பார்கள், விளிம்பில் போல்ட் முடுக்குவார்கள் என்பது அதன் இலக்கணம்.

ஆனால் போல்ட் முடுக்கத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும். ஹெரால்டின் முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். பின்கூட்டைத் தொடாமல் முன்கூட்டை எடுக்கலாம். அனுப்புவதற்காகச் செய்த பிரிப்பு, பழுதுபார்ப்பவர்களின் சுதந்திரமாக மாறிவிட்டது. பின்காலனியம் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். இந்தப் போல்ட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

1968இல் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு மார்க் 3 வந்தது. 1971இல் ஹெரால்ட் நின்றது. 1972இல் வந்த கெஸலில் பின்பக்கத் தனிச் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு முழு அச்சைப் போட்டார்கள். நம்ம ரோடு சொன்ன திருத்தத்தைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். 1977இல் கெஸலும் நின்றது. 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 தோற்று, 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு கம்பெனி பாகம் என்று ஒன்று கிடையாது. அதன்பின் ஓடிய ஒவ்வொரு ஹெரால்டும் லேத்துப் பட்டறையின் தயவில் ஓடியதுதான்.

3

திருச்சியில் அந்தத் தயவுக்கு ஒரு வம்சாவளி உண்டு. அது பொன்மலையிலிருந்து வருகிறது.

தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928இல். அதே வருஷம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதானார்கள். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் தொழிலாளர்கள்மீது மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் தியாகிகள் தினம் அனுசரிக்கப்படுகிறது. சங்க வரலாறாக இவையெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

எழுதப்படாதது இன்னொன்று. பட்டறைக்குள் இருந்த கைத்திறன் மதில் தாண்டி ஊருக்குள் எப்படி வந்தது? ரிட்டயரான ஃபிட்டர், வேலை போன டர்னர், அப்ரண்டிஸ் முடித்தும் உள்ளே இடம் கிடைக்காத பையன் என்று இவர்கள்தான் ஊருக்குள் லேத்து போட்டார்கள். 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கொதிகலன் தொழிற்சாலை வந்தபோது வெல்டிங்கும் இதோடு சேர்ந்துகொண்டது. ரயில் இன்ஜினுக்குக் கற்ற கை டீசல் பம்ப்செட்டுக்குப் போனது. பம்ப்செட்டிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து காருக்கு. பாடத்திட்டம் இல்லாத பல்கலைக்கழகம்.

நண்பர் வீட்டு ஹெரால்டைப் பார்த்துக்கொண்டவர் இந்த வழியில் வந்தவர். பாலக்கரைப் பக்கம் பட்டறை. தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பட்டறையோடு பெயர்ந்து வந்தவராம். அத்தா பொன்மலையில் ஃபிட்டர். இவருக்கு உள்ளே வேலை கிடைக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். நண்பரின் அப்பா அவரைப் 'பாய்' என்பார். அவர் இவரைச் 'சாமி' என்பார். 1976இல் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு சொல்லும் மாறவே இல்லை. பாய் சந்து வழியாகக் கொல்லைக்கு வருவார். காபி கொட்டகைக்கே வரும். ஒரு தடவைகூட வீட்டைச் சுற்றி வாசல் பக்கம் வந்ததாக நண்பருக்கு ஞாபகமில்லை. 'யாரும் வராதேன்னு சொன்னதில்லையே' என்றார் நண்பர். சரிதான். சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படாத ஏற்பாடு அது. வண்டியின் ஒவ்வொரு மூட்டையும் தொட்டவருக்கு வீட்டின் முன்கதவு எப்படியிருக்கும் என்று தெரியாது.

4

ஓடுகிற வண்டியைப் பழுதுபார்ப்பதற்கும் நிறுத்திவைத்துப் புதுப்பிப்பதற்கும் அறிவு முறையிலேயே வித்தியாசம் இருக்கிறது. பாயின் சட்டம் ஒன்றுதான்: 'காலைல சாமி ஆபீஸ் போவணும்.' இதிலிருந்து மற்ற விதிகளெல்லாம் பிறந்தன. ஒரு ராத்திரியில் ஒரு பாகம்தான். போடவேண்டியதைத் தயார் பண்ணிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். இரண்டு மூட்டை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது.

ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கூட்டைத் தாங்க நீளும் கைகள் துருப்பிடித்து உளுத்துப்போகும். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினால் கூடு தொங்கிவிடும், அப்புறம் கதவு சாத்தாது. பாய் கதவுகளைச் சாத்திவைத்து, கூட்டுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு கையை வெட்டி ஒன்றைப் பற்றவைத்தார். அடுத்தது அடுத்த மாதம். முன்சக்கர மூட்டில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. மரை போட்ட தண்டு அதற்குள் சுழலும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் நாளடைவில் காய்ந்து, தண்ணீர் தங்கி, மரை அரித்து, ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். 'கிரீஸ் அடிச்சா பார்க்க நல்லாருக்கும் தம்பி. ஆயில் விட்டா ஒழுகும். ஒழுகுறதுதான் நல்லது' என்று பாய் சொன்னதை நான் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். இன்ஜினை முழுசாக இறக்கியது ஒரே தடவை. அதுவும் மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வண்டியை எப்படியும் வெளியே எடுக்க முடியாத நாட்களாகப் பார்த்து.

பாய் நோட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூட நோட்டு, நீல மை. அவர் மகன் என்னிடம் இரண்டைக் காட்டினார். தேதி, வண்டி, பார்த்த வேலை, போட்ட பாகம், வரவேண்டிய காசு. 'சாமி வண்டி. இடது முன் ட்ரன்னியன். ஆயில்.' இவ்வளவுதான் நடை. சில வரிகளுக்குப் பக்கத்தில் 'தற்.' என்று போட்டிருக்கிறது. முதலில் புரியவில்லை. மகன் சொன்னார்: 'தற்காலிகம்ங்க. அப்புறம் சரியா பண்ணணும்னு அர்த்தம்.'

சேகரிப்பாளரின் பட்டியலையும் நோட்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முப்பத்தேழில் பத்தொன்பது அயிட்டத்தை நோட்டில் கண்டுபிடிக்க முடிந்தது. அதில் பதினொன்று 'தற்.' சில 'தற்.'களுக்கு இருபத்தைந்து வயது. ஆட்டோ சுவிட்ச் அதில் ஒன்று.

5

தமிழ் படித்தவர்களுக்கு 'மூலம்' என்ற சொல்லோடு பழைய சண்டை உண்டு. ஓலையின் ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும்முன் பெயர்த்தெழுத வேண்டும். படித்துக்கொண்டே, பாடம் சொல்லிக்கொண்டே பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தவனின் கை ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றை மாற்றியது. அதைப் பாடபேதம் என்கிறோம். பதிப்பாசிரியர் அதைக் களைந்து மூலத்துக்குப் போக ஆசைப்படுகிறார். நியாயமான ஆசைதான். ஆனால் பேதம் செய்த அந்தக் கைகள் இல்லாவிட்டால் களைய ஏடே இருந்திருக்காது. ஹெரால்டின் முப்பத்தேழும் பாடபேதங்கள்.

புளூடார்க் சொன்ன தீசியஸின் கப்பலை இந்த இடத்தில் இழுப்பது வழக்கம். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா? தத்துவவாதிகள் இரண்டாயிரம் வருஷமாக விவாதிக்கிறார்கள். பலகை மாற்றிய தச்சனிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் தோன்றியிருக்கிறது. கோயிலொழுகு சொல்லும் கதை அது. 1323 படையெடுப்பின்போது உற்சவ மூர்த்தியை ஊரைவிட்டு எடுத்துப்போனார்கள். பல பதிற்றாண்டு ஊர் ஊராக அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரியன் காலத்தில் 1371இல் திரும்ப வந்தது. அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் எழுந்தருளியிருந்தார். எது மூலம், எது மாற்று? பழையதைப் பார்த்த ஆள் யாரும் மிச்சமில்லை. கடைசியில் கண் தெரியாத ஒரு கிழவர் கிடைத்தார். சுவாமியின் ஈர ஆடைகளை வெளுத்தவர், ஈரங்கொல்லி. இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஆடையின் ஈரத்தை அவரிடம் கொடுத்தார்கள். சுவைத்துப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது: நம்பெருமாள். இன்னொருவரையும் தள்ளிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அவரும் இருக்கிறார்.

இதை நடந்த நிகழ்ச்சியாக நிரூபிக்க வேண்டிய தேவை நமக்கில்லை. கதை எதை ஒப்புக்கொள்கிறது என்பதுதான் முக்கியம். அசலைத் தீர்மானிக்கும் அறிவு சாஸ்திரத்திலோ கண்ணிலோ இல்லை, அழுக்குத் துணியைப் பிழிந்த கையிலும் நாக்கிலும் இருக்கிறது என்று ஒரு பெருங்கோயிலின் ஒழுகே ஒப்புக்கொள்கிறது. அடுத்த வரியிலேயே தன் வேலையையும் காட்டிவிடுகிறது. அவர் வைத்த பெயர் தங்கியது. அவர் பெயர் தங்கவில்லை. தொழில்தான் தங்கியது.

இதே ஊரில் 236 அடி ராஜகோபுரம் இருக்கிறது. அடித்தளத்தோடு நூற்றாண்டுகள் நின்றுபோய், பதின்மூன்று நிலையும் எழுந்து குடமுழுக்கு கண்டது 1987இல். என் தலைமுறைக்கு அது எப்போதும் பழைய கோபுரம். யாரும் அதை 'ஒரிஜினல் இல்லை' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற எதற்கும் மூலம் ஒரே ஒரு தேதியில் இல்லை. ஒரு தேதியைப் பிடித்து நிறுத்துவது அதிகாரம் இருப்பவர்கள் செய்யும் வேலை.

6

அதிகாரம் நிறுத்தியும்விட்டது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுக்குப் பிறகு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சட்டகம், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கக் கூடாது. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதிந்த பிறகு கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் சட்டமும் கூடும் தொடப்படாமல் இருக்க இரண்டே வழி. ஓட்டாமல் நிறுத்திவைக்கும் வசதி வேண்டும், இல்லையென்றால் தொட்ட தடயத்தையெல்லாம் அழிக்கும் பணம் வேண்டும். ஓட்டியவர்களும் ஓடவைத்தவர்களும் மரபுக்கு வெளியே. நண்பரின் வண்டி சாதாரணப் பழைய வண்டி என்ற கணக்கில் விழுகிறது. அதற்கும் 2022 ஏப்ரலில் மறுபதிவுக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். ஒரு பக்கம் அருங்காட்சியகம், மறுபக்கம் காயலாங்கடை. நடுவில் ரோடு இல்லை.

அதே அரசின் பொன்மலைப் பட்டறையில் என்ன நடக்கிறது? நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதன் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பல பத்தாண்டுகளாக அவற்றைப் பிரித்துப் பூட்டிவந்த பொன்மலைத் தொழிலாளர்கள், 2011க்குப் பிறகு எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் இன்ஜின்களையே கட்டி அனுப்பினார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று வெளிவந்தது. முழுக்கப் புதுசு. அதைச் சரியாகவே மரபின் தொடர்ச்சி என்று கொண்டாடினோம். மேட்டுப்பாளையம் ரயில் மரபாக இருப்பது அது மலையேறுவதால்தான். பொன்மலைக்குச் செல்லும் இந்த நியாயம் பாலக்கரைக்கு ஏன் செல்லாது? நிறுவனத்தின் கை செய்தால் தொடர்ச்சி, பட்டறைக் கை செய்தால் கலப்படமா?

எதிர்த்தரப்புக்கும் காது கொடுப்போம். மூலவடிவத்துக்குத் திருப்பும் வேலையால் தொழிற்சாலை எப்படிச் செய்தது என்ற அறிவு மிஞ்சுகிறது. அது தேவைதான். பழுதுபார்ப்பு என்ற பெயரில் வண்டிகளைக் கெடுத்தவர்களும் உண்டு. ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடித்தவர்களும் பட்டறைக்காரர்கள்தான். பழைய வண்டிகளின் புகையை யார் சுவாசிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. கடைசியாக, கார் வைத்திருந்த வீட்டின் கதைதான் இது. பாய் கடைசிவரை சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் 50இலும் வந்தவர். ஆகவே நான் ஹெரால்டுக்காக வாதாடவில்லை. அதில் படிந்திருக்கிற வேலைக்காக வாதாடுகிறேன். வேலையின் தடயத்தைக் குறையாகக் கணக்கிடும் அளவுகோலை மாற்றச் சொல்கிறேன்.

7

பட்டறை 2019இல் மூடியாயிற்று. பாய் அடுத்த வருஷம் காலமானார். மகன் கார் ஏசி வேலை பார்க்கிறார். நோட்டுகள் மொத்தம் பதினாறோ பதினேழோ இருந்ததாம். மிஞ்சியது இரண்டு. மற்றவை பழைய பேப்பரோடு போய்விட்டன. நம்மிடம் சங்கத் தீர்மானங்கள் இருக்கின்றன, வேலைநிறுத்த நோட்டீஸ்கள் இருக்கின்றன, தலைவர்களின் கடிதங்கள் இருக்கின்றன. தொழிலாளி கையால் எழுதிய தொழில் இருக்கிறதா? பாலக்கரையிலும் அரியமங்கலத்திலும் துவாக்குடியிலும் இப்படி எத்தனை நீல மை நோட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன? உழைப்பின் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்கள் அடுத்த கருத்தரங்குக்கு முன்னால் ஒரு பட்டறைக்குப் போய் அங்கே இருப்பதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அது அவர்களுடையது.

நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். சேகரிப்பாளர் சொன்ன விலை சின்ன விலை இல்லை. நான் அறிவுரை சொல்லவில்லை. முப்பத்தேழு அயிட்டப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, நோட்டில் கிடைத்த பத்தொன்பதுக்கும் தேதியும் செய்தவர் பெயரும் எழுதிக் கொடுத்தேன். வண்டி எங்கே போனாலும் அந்தக் காகிதம் கூடப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் அந்தப் பெயரைப் போடலாமா என்று மகனிடம் கேட்டபோது வேண்டாம் என்றார். 'வாப்பாவுக்கு அது புடிக்காதுங்க. பாய்னே போடுங்க.'

நான் கிளம்பும்போது நண்பர் அப்பளமாட்டம் தேய்ந்துபோன அந்த ஆட்டோ சுவிட்சைத் தட்டி இடது இண்டிகேட்டர் போட்டுக்காட்டினார். எரிந்தது. நோட்டின்படி அது 1998லிருந்து தற்காலிகம்.